கேட்டது பள்ளிக்கூடம்

எட்டாம் வகுப்புக் குடிமையியலில் குடியுரிமை பற்றி ஒரு பாடம் இருக்கிறது. பிறப்பால், வம்சாவளியால், பதிவால், இயல்புரிமையால், பிரதேசங்கள் இணைவதால் என்று குடியுரிமை கிடைக்க ஐந்து வழிகள். அதை இழக்க மூன்று வழிகள். வருடா வருடம் நடத்துகிற பாடம் என்பதால் பலகையில் எழுதும்போதே அடுத்த வகுப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவேன். போன வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

“மிஸ், இந்த அஞ்சுலயும் வராதவங்க இருப்பாங்களா?”

இருப்பார்கள், அவர்களை நாடற்றவர்கள் என்போம் என்றேன். அவள் உட்காரவில்லை.

“அப்ப அவங்க எந்த ஸ்கூல்ல மிஸ் சேருவாங்க? ஆதார் கேப்பாங்களே?”

அந்தக் கேள்வி வேறு எங்கும் போகாமல் நேராகப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தது எனக்குப் பிடித்திருந்தது. அவள் வீட்டில் யாருக்கோ சேர்க்கையின்போது அலைச்சல் நேர்ந்திருக்க வேண்டும். ஜூன் மாதத்தில் எங்கள் பள்ளி அலுவலகத்தின் முன் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் எந்தக் காகிதமும் இல்லாமல் வந்து நிற்பார்கள். சட்டப்படி அவர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். சேர்த்தும் விடுவோம். ஆனால் அதற்கு முன் அந்த அம்மாவின் முகத்தில் ஒரு பயம் வந்து போகும். காகிதம் இல்லை என்றால் பிள்ளையும் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அது.

நாளைக்குச் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, அன்று இரவு தேடிப் படிக்க உட்கார்ந்தேன். மியான்மரில் குடியுரிமை மறுக்கப்பட்ட முஸ்லிம் சிறுபான்மை மக்களைக் குறிக்கும் ரோஹிங்யா என்ற சொல் எனக்குத் தெரியும். படகு, சேறு, கூடாரம் என்று செய்திப் படங்களாகத் தெரியும். அவர்களுடைய பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்படித் தேடும்போதுதான் மவுங் சயெதுல்லா என்ற இளைஞரின் பெயர் கண்ணில் பட்டது. மவுங் என்றால் பர்மிய மொழியில் தம்பி. இளைஞர்களின் பெயருக்கு முன்னால் அன்பும் மரியாதையுமாகச் சேர்த்துச் சொல்வது.

அந்தத் தம்பி செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். உலகத்தின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஃபேஸ்புக்கிடம் அவரும் அவரைப் போன்ற அகதி இளைஞர்களும் ஒரு கணக்கைத் தீர்க்கச் சொன்னார்கள். என் வீட்டை எரித்தார்கள், நிலம் போனது, அதற்குப் பணம் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நியாயம்தான். அவர்கள் முதலில் கேட்டது பள்ளிக்கூடம்.

சயெதுல்லாவின் ஊர் ங்கா கூ யா. மியான்மரின் மேற்கு ஓரத்தில், ராக்கைன் மாநிலத்தில், மவுங்டா வட்டத்தில் இருக்கிறது. நாஃப் ஆற்றைத் தாண்டினால் வங்கதேசம். வக்கீல் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். சட்டம் எந்த ஜனங்களை மனிதர்களாகவே எண்ணவில்லையோ அந்த ஜனங்களில் ஒரு பையன் சட்டம் படிக்க ஆசைப்பட்டிருக்கிறான்.

1982இல் பர்மாவில், அதாவது இன்றைய மியான்மரில், ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. 1823க்கு முன்பிருந்தே அந்த மண்ணில் குடியிருந்த இனங்களுக்குத்தான் முழுக் குடியுரிமை என்றது அது. முதல் ஆங்கிலோ-பர்மியப் போருக்கு முந்தைய வருடம் என்பதால் அந்த எண். அரசிடம் 135 இனங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. ரோஹிங்யா என்ற பெயர் அதில் இல்லை. அரசு அவர்களை வங்காளிகள் என்று குறிப்பிடுகிறது. எங்கிருந்தோ வந்தவர்கள் என்று அதற்கு அர்த்தம். பட்டியலில் இல்லாதவர்கள் பக்கத்து ஊருக்குப் போகவும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அரசு வேலைக்குப் போக முடியாது. மருத்துவமும் பொறியியலும் குடிமக்களுக்கு மட்டும். 2012இல் ராக்கைனின் தலைநகரான சிட்வேயில் கலவரம் வெடித்தபின் அங்கிருந்த பல்கலைக்கழகத்தின் கதவும் ரோஹிங்யா மாணவர்களுக்கு மூடிவிட்டது. கிராமத்துப் பள்ளிகளுக்கு அரசு ஆசிரியர்கள் ஒழுங்காக வருவதில்லை. ஊர்க்காரர்களே கைக்காசு போட்டு, கொஞ்சம் படித்த இளைஞர்களை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பெயரே ஒரு தடையாக இருந்திருக்கிறது. தஸ்மிதா ஜோஹர் என்ற பெண், இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் ரோஹிங்யாப் பெண், 2022இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பை முடித்தவர். அவருடைய உண்மையான பெயர் தஸ்மின் ஃபாத்திமா. ரோஹிங்யாப் பெயரோடு மியான்மரில் படிக்க முடியாது என்பதால் பௌத்தப் பெயர் போலத் தொனிக்க மாற்றி வைத்தார்களாம். 2005இல் அந்தக் குடும்பம் வங்கதேசத்துக்கு ஓடியது. அங்கே மறுபடியும் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. 2012இல் இந்தியா வந்தது. இங்கே இன்னொரு மொழி, இன்னொரு பாடத்திட்டம். ஒரு பட்டத்துக்காக மூன்று நாடுகளில் மூன்று முறை தொடங்கியிருக்கிறார். என் வகுப்பில் பாதி வருடத்தில் வேறு ஊரிலிருந்து வந்து சேரும் பிள்ளைகள் எப்படித் திணறுவார்கள் என்று பார்த்திருக்கிறேன் என்பதால் இது எனக்கு வெறும் செய்தியாக இல்லை.

சரி, சயெதுல்லாவின் ஊருக்குத் திரும்புகிறேன்.

மியான்மரில் ராணுவ ஆட்சிக் காலத்தில் சிம் கார்டு என்பது பணக்காரர்களின் பொருள். நூற்றுக்கணக்கான டாலர் விலை. 2014இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்ததும் ஒன்றரை டாலருக்கு இறங்கியது. ஒரே பாய்ச்சலில் நாடு முழுவதும் கையில் போனோடு இணையத்துக்குள் வந்தது. அந்தப் போன்களில் ஃபேஸ்புக் இருந்தது. செய்தி, சந்தை விலை, அரட்டை, வதந்தி எல்லாம் அதில்தான். சில வருடங்களுக்குள் ஏறத்தாழ 2 கோடிப் பேர் அதில் இருந்தார்கள். பர்மிய மொழியில் வருகிற புகார்களைப் பார்க்க 2015இன் தொடக்கத்தில் அந்த நிறுவனத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா? இரண்டு பேர். ராய்ட்டர்ஸ் 2018இல் வெளியிட்ட புலனாய்வுச் செய்தியில் இந்த விவரம் வந்தது. அதை முதலில் படித்தபோது எண்ணைத் தவறாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடியும் பார்த்தேன்.

அந்தப் பக்கங்களில் ரோஹிங்யாக்களை நாய் என்றும் புழு என்றும் எழுதினார்கள். சுட்டுத் தள்ள வேண்டும் என்று எழுதினார்கள். பள்ளி மாணவனாக இருந்த சயெதுல்லாவும் அதையெல்லாம் தன் போனில் பார்த்திருக்கிறார். முதலில் எழுதியவர்கள் மேல்தான் அவருக்குக் கோபம். கெட்டவர்கள் எழுதுகிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருக்கிறார். அப்படி ஒரு பதிவைப் பற்றி நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தார். இது எங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது.

2017 ஆகஸ்ட் 25 அன்று ரோஹிங்யா ஆயுதக் குழு ஒன்று காவல் நிலையங்களைத் தாக்கியது. அதைக் காரணமாக வைத்து ராணுவம் ஊர் ஊராக இறங்கியது. முதல் ஒரு மாதத்தில் மட்டும் குறைந்தது 6,700 பேர் வன்முறையில் இறந்திருக்கலாம் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கணக்கிட்டது. அதில் 730 பேர் ஐந்து வயதுக்குக் கீழ். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆற்றைத் தாண்டினார்கள். சயெதுல்லாவுக்கு அப்போது பதினைந்து, பதினாறு வயது இருக்கும். குடும்பத்தோடு நாள்கணக்கில் நடந்தார். வழியில் பிணங்களைப் பார்த்துக்கொண்டே நடந்ததைப் பின்னால் எழுதியிருக்கிறார். என் வகுப்புப் பிள்ளைகளின் வயதுக்கு ஒன்றிரண்டு வருடம் கூட. அதற்கு மேல் அந்த நடையைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

வந்து சேர்ந்த இடம் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார். குட்டுபாலோங்கும் அதைச் சுற்றியுள்ள முகாம்களும் சேர்ந்து உலகத்திலேயே பெரிய அகதிக் குடியிருப்பு. மூங்கிலும் தார்ப்பாயும் தவிர வேறெதையும் வைத்துக் கட்டக் கூடாது. நிரந்தரமாகத் தங்கிவிடுவார்கள் என்ற பயம் அந்த நாட்டு அரசுக்கு. இந்தப் பயத்தை நான் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். சொந்த ஜனங்களுக்கே நிலமும் வேலையும் போதாத நாடு, பத்து லட்சம் பேருக்குக் கதவைத் திறந்தது. பெரிய பணக்கார நாடுகள் பல அதைச் செய்யவில்லை. ஆனால் அந்தப் பயம் வந்து விழுந்த இடம் பிள்ளைகளின் படிப்பு. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

முகாமில் பள்ளிக்கூடம் என்ற சொல்லே கிடையாது, ‘கற்றல் மையம்’தான். மூங்கில் கொட்டகை ஒன்று. ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறையாகப் பிள்ளைகள் மாறி மாறி வருவார்கள். ஒவ்வொருவருக்கும் சில மணி நேரம். உள்ளூர் வங்கதேச ஆசிரியர் ஒருவர், பர்மிய மொழி சொல்லித் தர ரோஹிங்யா ஆசிரியர் ஒருவர். வங்க மொழிப் பாடத்திட்டம் சொல்லித் தரக் கூடாது, அது அரசின் கட்டளை. வீட்டில் பேசுவது ரோஹிங்யா மொழி. சிட்டகாங் பக்கத்துப் பேச்சுக்குக் கிட்டத்தட்ட உறவு. ஆற்றின் இந்தக் கரையில் கடைக்காரரோடு பேசிப் புரியவைத்துவிடலாம், பரீட்சை மட்டும் எழுத முடியாது. பல வருடங்கள் அங்கே கற்றதற்கு எந்த நாட்டிலும் செல்லும் சான்றிதழ் இல்லை. முகாமுக்கு வெளியே, தாங்கள் யார் என்பதை மறைத்து உள்ளூர்ப் பள்ளிகளில் படித்த ரோஹிங்யாப் பிள்ளைகளை 2019இல் தேடிக் கண்டுபிடித்து வெளியேற்றினார்கள். அதே வருடம் காக்ஸ் பஜாரில் கல்லூரி படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், தான் ரோஹிங்யா என்பது செய்திப் படம் ஒன்றின் மூலம் வெளியே தெரிந்ததும் இடைநீக்கம் செய்யப்பட்டார்.

மியான்மர் பாடத்திட்டத்தையாவது சொல்லித் தரலாம் என்று 2020 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. முதலில் 10,000 பிள்ளைகளுக்கு, ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை. கொரோனா வந்து அதுவும் தள்ளிப்போய், 2021 கடைசியில்தான் தொடங்கியது. தங்களைத் துரத்திய நாட்டின் பாடப் புத்தகம் கைக்குக் கிடைத்ததற்குப் பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். இதில் விந்தை ஒன்றும் இல்லை. என்றாவது ஊருக்குத் திரும்புவோம், திரும்பினால் எந்த வகுப்பில் விட்டோமோ அதிலிருந்து சேரலாம் என்ற நம்பிக்கை அது.

ஆனால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் முகாமில் முன்பே இருந்தார்கள். பர்மாவில் ஆசிரியராக இருந்தவர்கள், பத்தாம் வகுப்பு முடித்தவர்கள், தங்கள் குடிலிலேயே பத்து இருபது பிள்ளைகளை உட்கார வைத்து நடத்தினார்கள். டியூஷன் என்று நாம் சொல்வதுதான். முகாமில் எல்லாருக்கும் தெரிந்த தலைவர் முஹிபுல்லாவும் ஒரு வாத்தியார். ‘மாஸ்டர்’ என்றுதான் அவரை அழைப்பார்கள். குடில் குடிலாகப் போய், யார் வீட்டில் யார் கொல்லப்பட்டார்கள் என்று பெயர் எழுதியவர் அவர். 2019இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் பேசினார். அமெரிக்க வெள்ளை மாளிகைக்கும் போய் வந்தார். 2021 செப்டம்பர் 29 இரவு முகாமில் தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த டிசம்பரில் முகாம்களில் தனியார் பள்ளிகளுக்கு அரசு தடை போட்டது. அவர் தொடங்கிய கயாஃபுரிப் பள்ளியும் 2022 மார்ச்சில் மூடப்பட்டது.

ஒரு வாத்தியார் எழுதும் பெயர்ப் பட்டியல் என்றால் அது வருகைப் பதிவேடாக இருக்க வேண்டும். அவர் எழுத நேர்ந்தது இறந்தவர்களின் பட்டியல்.

இந்தச் சூழலில் வளர்ந்த பையன்தான் சயெதுல்லா. முகாமிலிருந்தே ரோஹிங்யா மாணவர் கூட்டமைப்பைத் தொடங்கினார். இணையத்தையே அணைத்து வைத்த மாதங்கள் முகாமில் உண்டு. 2019 செப்டம்பரிலிருந்து 2020 ஆகஸ்ட் வரை அப்படித்தான். அதற்கு நடுவிலும் படிப்பதும் எழுதுவதும் நடந்திருக்கிறது. படிக்கப் படிக்க அவருக்கு ஒன்று புலப்பட்டது. எழுதியவர்கள் மட்டும் குற்றவாளிகள் அல்ல, அதை லட்சக்கணக்கானவர்கள் முன்னால் கொண்டு போய்ப் போட்ட இயந்திரத்துக்கும் பொறுப்பு உண்டு. ஐ.நா. உண்மை அறியும் குழு 2018இல் சொன்னதும் அதுவே. அதே வருடம் நவம்பரில், கலகத்தைத் தூண்ட எங்கள் தளம் பயன்படாமல் தடுக்க நாங்கள் போதுமான அளவு செய்யவில்லை என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்டார்கள் அல்லவா, அப்படியானால் சரி செய்யுங்கள் என்று கேட்டார்கள் இந்த இளைஞர்கள். முகாமில் ஒரு கல்வித் திட்டத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுங்கள் என்றார்கள். 2021 பிப்ரவரியில் பதில் வந்தது. ஃபேஸ்புக் நேரடியாக அறப்பணிகளில் ஈடுபடுவதில்லை என்று அதில் இருந்தது.

இந்தப் பதிலை நான் பலமுறை படித்துவிட்டேன். மரியாதையான வாக்கியம்தான். ஆனால் அதில் ஒரு சொல் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகள் தர்மம் கேட்கவில்லை. என் சைக்கிள் மேல் உங்கள் வண்டி ஏறிவிட்டது, சரி செய்து கொடுங்கள் என்று ஒருவர் வந்து கேட்கும்போது, நான் பிச்சை போடுவதில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? கேட்டவரின் நஷ்டம் தீராது என்பது ஒரு பக்கம். அவர் கேட்டதையே வேறொன்றாக ஆக்கிவிடுகிறது அந்தப் பதில். தனக்கு வர வேண்டிய கடனைத் திருப்பிக் கேட்க வந்தவரைப் பிச்சைக்காரர் வரிசையில் நிற்க வைத்துவிடுகிறது.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். ஃபேஸ்புக் தாய் நிறுவனமான மெட்டாவின் 2021 லாபத்தை, வரிக்கு முந்தைய செயல்பாட்டு லாபத்தை, பலகையில் எழுதினேன். சுமார் 4,670 கோடி டாலர். பக்கத்தில் 10 லட்சம் டாலர் என்று எழுதினேன். பூஜ்யங்களை எண்ணிக் கழித்து வகுக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. 46,700 ரூபாய் சம்பாதிக்கும் ஒருவரிடம் ஒரு ரூபாய் கேட்டது போல என்று கணக்கு வந்தது. முன் பெஞ்சில் ஒருவன், “ஒரு ரூபாய்க்கு ஒரு சாக்லேட்டு மிஸ்” என்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஆசிரியர் அறையில் ஒரு சக ஆசிரியர் என்னோடு வாதாடினார். கத்தி செய்தவன் மேல் கொலை வழக்குப் போடுவார்களா, அந்த வெறுப்பு அங்கே முன்பே இருந்ததுதானே என்றார். இருந்தது, உண்மை. 1982 சட்டத்தை ஃபேஸ்புக் எழுதவில்லை. ராணுவத்தைக் கிராமத்துக்கு அனுப்பியதும் அது இல்லை. ஆனால் கத்தி மேசை மேல் சும்மா கிடக்கும். இது அப்படிக் கிடக்கவில்லை. எந்தப் பதிவுக்குக் கோபம் கூடுகிறதோ அதை எடுத்து இன்னும் பலர் கண்முன் காட்டியது. பார்க்கப் பார்க்க விளம்பர வருமானம் கூடியது. அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு 2022இல் வெளியிட்ட நீண்ட அறிக்கை இதைத்தான் விளக்கியது. புகார் கொடுத்த பையனுக்கு விதிமீறல் இல்லை என்று பதில் அனுப்பியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “பையன் புகார் குடுத்தானா?” என்று கேட்டார். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பள்ளிக்கூடம் கேட்டது ஏன் என்று நானாக நினைத்துப் பார்த்ததைச் சொல்கிறேன். வெறுப்புப் பதிவுகள் ரோஹிங்யாக்களிடமிருந்து உயிரையும் வீட்டையும் பறிக்க உதவின. உயிரைத் திருப்பித் தர யாராலும் முடியாது. ஊரையும் நிலத்தையும் திருப்பித் தர மியான்மர் மனம் வைக்க வேண்டும். ஆனால் ஓடிவந்த நாளிலிருந்து தினமும் போய்க்கொண்டே இருக்கிற ஒன்று உண்டு, பிள்ளைகளின் வருடங்கள். 2017இல் ஆறு வயதாக இருந்த பிள்ளை 2021இல் பத்து வயது. அந்த நான்கு வருடங்களுக்கு ஒரு வகுப்புக் கணக்கு இல்லை. பணம் இருந்தால் அதை மட்டும் உடனே நிறுத்திவிடலாம். கேட்டவர்களும் அப்படி வருடங்களை இழந்தவர்கள் என்பதால் எங்கே வலிக்கிறது என்று சரியாகத் தெரிந்து கேட்டிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நீ படித்தவன் இல்லை, உனக்கு எழுத்து இல்லை, உனக்குச் சரித்திரம் இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் அவர்கள். ரோஹிங்யா மொழிக்கென்று 1980களில் முகமது ஹனீஃப் என்ற அறிஞர் உருவாக்கிய எழுத்துமுறை, கணினிகளுக்கான யூனிகோடுக்குள் வந்ததே 2018இல்தான். அந்த மக்கள் ஊரை இழந்த மறுவருடம்.

மறுப்பு வந்ததோடு அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. 2021 டிசம்பரில் 16 ரோஹிங்யா இளைஞர் அமைப்புகள் சேர்ந்து பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. பன்னாட்டு நிறுவனங்களுக்கு வகுத்த நெறிமுறைகளின் கீழ் மெட்டா மேல் புகார் கொடுத்தன. அதே மாதம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 15,000 கோடி டாலருக்கும் அதிகமான தொகை கேட்டு ரோஹிங்யாக்கள் சார்பில் வேறு சட்ட நடவடிக்கையும் தொடங்கியது. 2025 ஜனவரியில் சயெதுல்லா, அம்னெஸ்டி உள்ளிட்ட அமைப்புகளோடு சேர்ந்து அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனுக் கொடுத்தார். மியான்மரில் நடந்துகொண்டிருந்தது தெரிந்தும் நிறுவனம் தன் முதலீட்டாளர்களிடம் மறைத்தது என்பது அதன் சாரம். வக்கீல் ஆக ஆசைப்பட்ட பையன் பட்டம் வாங்கும் முன்பே எத்தனை வாசல்களில் மனுவோடு நின்றுவிட்டார் பாருங்கள்.

இப்போது அவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். முகாமிலிருந்து அப்படி வெளியே படிக்கப் போக முடிந்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர். 2025 செப்டம்பர் 30 அன்று ரோஹிங்யாக்களுக்காக ஐ.நா. பொதுச் சபை கூட்டிய உயர்மட்ட மாநாட்டில் அவர் பேசினார். கையில் ஒரு புகைப்படத்தைப் பிடித்துக் காட்டினார். 2024 ஆகஸ்டில், மவுங்டாவிலிருந்து தப்பி ஆற்றங்கரையில் நின்றவர்கள் மேல் நடந்த டிரோன் தாக்குதலில் இறந்தவர்களின் படம். அதைச் செய்தது, ராக்கைனில் மியான்மர் ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் அரக்கான் ஆர்மி என்று அவர் குற்றம் சாட்டினார். அந்தப் படை மறுக்கிறது. அவர் ஊர்ப் பக்கம்தான். அவர் ஓடிவந்து ஏழு வருடம் கழித்தும் அதே கரையில் ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள், இந்த முறை வேறொரு படைக்குப் பயந்து.

முகாமில் அந்த வருடம் இன்னொன்றும் நடந்திருந்தது. வெளிநாட்டு உதவித் தொகைகள் வெட்டப்பட்டதில் 2025 ஜூனில் யுனிசெஃப் நடத்திவந்த கற்றல் மையங்கள் நின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் ஆசிரியர்களுக்கு வேலை போனது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் படிப்பு தடைபட்டது. அவர்களும் ஆசிரியர்கள்தான், வீட்டு வாடகையும் பிள்ளைகளின் செலவும் உள்ளவர்கள், தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்த நாட்களிலும் பாடம் நிற்காமல் நடந்த இடங்கள் முகாமுக்குள்ளேயே ரோஹிங்யா ஆசிரியர்கள் நடத்திய வகுப்புகள்தான். பெற்றோர்கள் ரேஷனிலிருந்து மிச்சம் பிடித்துக் கொடுக்கும் சிறு கட்டணத்தில் நடப்பவை. ஒரு காலத்தில் அரசு தடை போட்ட அதே வகையான வகுப்புகள்.

தர்மம் இப்படித்தான். கொடுப்பவர் மனம் இருக்கும் வரை வரும். வேறொரு நாட்டில் தேர்தல் முடிவு மாறினால் நிற்கும். அதனால்தான் தீர்க்க வேண்டிய கடனாக இதைக் கேட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கடன் என்றால் கொடுப்பவருக்கு மனம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

என் மாணவியின் கேள்விக்கு நம் ஊரிலும் ஒரு பதில் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்பு மையக் கட்டடம் ஒன்றில் சில ரோஹிங்யாக் குடும்பங்கள் பல வருடங்களாக வாழ்கின்றன. ஆண்கள் பழைய சாமான் பொறுக்கி விற்றுப் பிழைக்கிறார்கள். பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறார்கள். நான் தினமும் நடத்தும் அதே பாடப் புத்தகம். எட்டாம் வகுப்புக்கு வரும்போது அவர்களும் குடியுரிமை பெற ஐந்து வழிகளை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதுவார்கள். டெல்லியில் ரோஹிங்யாப் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை வழக்காகவே போனது. 2024 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் முதலில் அரசுப் பள்ளிகளை அணுகட்டும், சேர்க்க மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம் என்றது.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கேளம்பாக்கம் என்றதும் அவள் முகம் மாறியது. அவளுடைய மாமா வீடு அங்கே இருக்கிறதாம், பஸ்ஸில் போயிருக்கிறாளாம். அந்தக் கட்டடத்தைப் பார்த்திருப்பேனா மிஸ் என்று கேட்டாள். பார்த்திருக்கலாம் என்றேன்.

அப்புறம் நோட்டைத் திறந்து, முந்தைய நாள் எழுதிய ஐந்து வழிகளுக்குக் கீழே மவுங் சயெதுல்லா என்று எழுதினாள். ‘யெ’வா ‘யே’வா என்று கேட்டாள். பர்மிய மொழியில் எப்படி வரும் என்று எனக்கும் நிச்சயமில்லை, நாம் குறிலே போடுவோம் என்றேன். எழுதிவிட்டுப் பக்கத்தில் 10 லட்சம் என்று போட்டாள்.

“குடுத்துட்டாங்களா மிஸ்?”

“இன்னும் இல்ல.”

அந்த எண்ணை ரப்பரால் அழிக்கப் போகிறாளோ என்று பார்த்தேன். சுற்றி ஒரு கட்டம் போட்டு வைத்தாள்.